ஒரு பாட்டும் உடன்பிறந்த பாட்டுக்களும்

புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர், தாம் நிற்பது மலாக்கா மாநிலமா அல்லது நெகிரி செம்பிலானா என்று ஒரு கணம் ஐயுறும்படியாக, இரண்டு மாநிலங்களின் எல்லையும் கடைத்தெருவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காண்பார். நிலையம் இருப்பது மலாக்காவின் மண்ணில். ஆயினும் நெடுங்காலம் அது அண்டையிலுள்ள தம்பின் நகரத்தின் பெயராலேயே வழங்கிற்று. ரயிலையும் ரப்பரையும் பற்றி இவ்வூரை முன்னிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. இவ்வட்டாரத்துத் தமிழர்கள் பாட்டுக் கேட்ட வரலாற்றைப் பேசுகிறவர்கள் அரியர். பகலெல்லாம் ரப்பர் மரத்தோடும் பால் பிடிக்கும் மங்கோடும் போராடிய ஜனங்கள் மாலையில் எதைக் கேட்டார்கள், எவ்வாறு கேட்டார்கள், எதைக் கேளாமல் விட்டார்கள் என்பதும் சரித்திரத்தின் பகுதியே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிப நோக்கத்தோடு பயிரிட்டார். அதன் பின் இம்மாநிலத்தின் உட்பகுதிகளில் காடு குறைந்து தோட்டங்கள் பெருகின. ஆள்திரட்டும் கங்காணிகளின் வழியாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அத்தோட்டங்களின் வரிசை வீடுகளாகிய லயங்களில் வாழத் தொடங்கின. 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகரத்திற்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டன; மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களும் அதே வேலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள்; அவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. தண்டவாளமும் திரும்பவில்லை. சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பெரும்பாதை மாத்திரம் நிலைத்து நின்று, இவ்வூரைத் தெற்கே சிங்கப்பூரோடு கட்டி வைத்தது. பாட்டின் வரலாற்றுக்கும் அந்தத் திசை முக்கியமானது என்பது பின்னே விளங்கும்.

முதலில் வந்தது கிராமபோன். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு, ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் அல்லது சற்று அதிகம்தான் பாடும். அதற்குள் பல்லவியும் சரணமும் முடிந்தாக வேண்டும். ஆகவே ஒரு தட்டு என்றால் முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு என்பதே கணக்கு. தோட்டத்தில் அத்தகைய பெட்டி எல்லோரிடமும் இராது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டிலோ, கடைக்காரர் வீட்டிலோ, வசதி படைத்த கங்காணி வீட்டிலோ இருக்கும். அதன் முன்னால் கூடுகிற கூட்டம், பிடித்த பக்கத்தையே மறுபடியும் மறுபடியும் வைக்கச் சொல்லும். தட்டைத் திருப்புகிற சிரமத்தினாலன்று, திரும்பிய பக்கத்தில் தெரியாத பாட்டு இருக்கிறது என்பதனாலேயே மறுபக்கம் பல வீடுகளில் தேயாமல் இருந்தது. ஒரு பாட்டைத் தேய்த்து மற்றொன்றைத் தீண்டாமல் விடுகிற சம்பிரதாயத்தின் வேர் இங்கே இருக்கிறது.

அவ்வேருக்கு நீர் வார்த்தவை ஒலிபெருக்கியும் வானொலியும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி விடியற்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன்பே பாடத் தொடங்கிவிடும். அங்கே பாடத் தகுந்தவை எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்களே. 1946இல் தொடங்கிய மலாயா வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. பிற்காலத்தில் நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சி தோட்ட மக்களுக்கு ஒரு தனிச் சந்தோஷத்தைத் தந்தது. தன் பெயரும் தன் தோட்டத்தின் பெயரும் வானொலியில் வாசிக்கப்படுவதைக் கேட்பது, மாதச் சம்பளப் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் எழுதப்பட்டு வந்த மனிதனுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்பதை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. அந்நிகழ்ச்சியை நான் குறை சொல்ல வரவில்லை. ஆயினும் பலர் விரும்பியது மேலும் பலர் விரும்புவதாக ஆயிற்று என்பதும், ஒருவரும் கேட்டறியாத பாட்டுக்காக ஒருவரும் தபாலட்டை எழுதவில்லை என்பதும் உண்மை.

நெடுந்தட்டு வந்தபோது இந்நிலை மாறியிருக்கலாம். 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தத் தட்டு, ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடக்கூடியது. முதற்பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையே ஓர் ஒழுங்கை அமைக்கவும், மெல்லிய பாட்டை வன்மையான பாட்டின் அருகில் வைக்கவும், இசையமைப்பாளனுக்கு அது இடங்கொடுத்தது. ஆனால் தோட்டத்து வீட்டுக்கு நெடுந்தட்டு ஏறக்குறைய வரவேயில்லை. அதன் விலையும் அதைச் சுழற்றும் கருவியின் விலையும் எட்டாதவை. வந்தது 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் அறிமுகப்படுத்திய கேசட். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் இவ்வட்டாரத்துச் சிறு நகரங்களில் கேசட் கடை என்பது ஒரு தனித்த தொழிலாகவே விளங்கிற்று. கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டு அழகாக எழுதுவித்த பாட்டுப் பட்டியலோடு வாடிக்கைக்காரர் வருவார். அறுபது நிமிஷ நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஏழு பாட்டு அடங்கும், எட்டாவது அடங்குமா என்பது கடைக்காரரின் கைத்திறமை. பட்டியலின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுபட்டுப் போவதும் உண்டு. அப்படி அறுபட்ட பாட்டை அறுபட்ட இடம் வரையில் மனப்பாடமாகப் பாடுகிறவர்களும் இருந்தார்கள். பதினைந்து படங்களிலிருந்து பதினைந்து பாட்டுக்கள்! ஒவ்வொன்றும் தன் உடன்பிறந்தாரைப் பிரிந்து வந்தது. இத்தொழில் ஏழை ரசிகனுக்குச் செய்த உபகாரம் பெரிது. இசைத் தொகுதி என்னும் கலைவடிவத்திற்கு அது செய்த அபகாரமும் அவ்வளவே பெரிது.

இதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த திருஷ்டாந்தம் 1979இல் வெளிவந்த ‘நினைத்தாலே இனிக்கும்’. கே. பாலசந்தரின் இயக்கத்தில், கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் ஜெயப்பிரதாவும் நடித்து, பெரும்பாலும் சிங்கப்பூரிலேயே படமாக்கப்பட்ட இச்சித்திரம், ஒரு தமிழ்ப் பாப் இசைக் குழு கடல் கடந்து கச்சேரி செய்யச் செல்லும் கதை. கித்தாரும் டிரம்சும் ஏந்திய இளைஞர்கள் தமிழில் பாடிக்கொண்டு சிங்கப்பூர் வீதியில் நடப்பதை, அந்நகரத்திற்கு ரயிலேறிப் போய் வருகிற வழக்கமுடைய மலாக்கா, ஜொகூர் தமிழர்கள் எத்தகைய அபிமானத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. எம். எஸ். விஸ்வநாதன் இசை, கண்ணதாசன் பாட்டு, பத்துக்கு மேற்பட்ட பாடல்கள். இவற்றுள் ‘எங்கேயும் எப்போதும்’ என்ற ஒன்றே எல்லா மேடைகளிலும் எல்லாக் கலியாண வீடுகளிலும் ஒலித்தது. எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் அதில் துள்ளுகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் தொகுதியை முதலிலிருந்து கேட்கிறவனுக்கு வேறோர் அநுபவம் வாய்க்கும். ‘சம்போ சிவ சம்போ’வில், ஐம்பது வயதைக் கடந்த விஸ்வநாதன் தாமே வாய் திறந்து பாடுகிறார், பயிற்சி பெற்ற பாடகர்களிடம் கிடைக்காத ஒரு முரட்டு நிச்சிந்தை அக்குரலில் இருக்கிறது, மேலை நாட்டுத் தாளத்தின் மேல் ஒரு சித்தர் உட்கார்ந்து பாடுவதைப் போன்று அது கேட்கிறது. ‘யாதும் ஊரே’யில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுத் தொடரைப் பல்லவியாக்கி, பாலசுப்பிரமணியத்தையும் பி. சுசீலாவையும் பாட வைத்தார்கள். பிறந்த மண்ணைவிட்டு வந்து, வந்த மண்ணையே ஊராக்கிக் கொண்ட மக்களின் நடுவில் அத்தொடர் ஒலிப்பதற்குரிய பொருள் தமிழ்நாட்டில் ஒலிப்பதற்கில்லை. தோட்டத்து ரசிகன் நெஞ்சிலே பதித்துக்கொள்ள வேண்டிய பாட்டு அதுவே என்பது என் தீர்மானம். ‘பாரதி கண்ணம்மா’வில் வாணி ஜெயராமின் குரல் சேர்கிறது, பாப் இசைக் குழுவின் கதைக்குள் பாரதியின் கண்ணம்மா வந்து நிற்பதற்கு எவ்விதத் தயக்கமும் காட்டவில்லை. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் பாடும் படத்தின் பெயர்ப்பாட்டிலோ, களிப்பின் அடியில் ஒரு பிரிவின் துயரம் ஓடுகிறது. இவற்றினிடையே வானொலி ஒருபோதும் தொட வேண்டியிராத சின்னஞ்சிறு பாட்டுக்கள் வருகின்றன. வந்த வேகத்தில் முடிந்துவிடுகின்றன. அவற்றை நீக்கிவிட்டால் பெரிய பாட்டுக்களுக்கு மூச்சுவிட இடமில்லாமற் போகும். உல்லாசத்தில் தொடங்கி மரணத்தின் நிழலில் முடிகிற கதையைத் தொகுதி முழுவதும் சொல்கிறது. பிரசித்தமான பாட்டு அதன் வாசற்படியை மாத்திரம் காட்டுகிறது.

நீண்ட நேரம் கேட்கும் பொறுமை மலாக்காவின் மண்ணுக்குப் புதிதன்று. தொண்டாங் சாயாங் என்னும் பாட்டுமரபு இங்கே வாழ்கிறது. வயலினும் ரெபானா மத்தளமும் காங்கும் முழங்க, இருவர் எதிரெதிரே நின்று பந்துன் செய்யுட்களால் ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொண்டே போவார்கள். மலாய்க்காரர், பாபா சீனர், போர்த்துகீசிய வழியினர், நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகள் ஆகிய நால்வருக்கும் அது சொந்தம். 2018இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது. அதில் ஒரு செய்யுளை மட்டும் பிய்த்தெடுத்துக் கேட்பவர் இலர். முன் செய்யுள் தெரியாவிட்டால் பின் செய்யுளின் சுவையே இல்லை.   

இதனிடையே தோட்டங்கள் சிதைந்தன. ஐம்பதுகளிலேயே பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் வியாபாரம் தொடங்கிவிட்டது. அதைத் தடுக்கவே அந்நாள் அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர்களின் சிறு பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. லயத்து வீட்டைக் காலி செய்கிறபோது சாமிப் படமும் தையல் யந்திரமும் லாரியில் ஏறின. தட்டுக்களும் நாடாக்களும் பெரும்பாலும் ஏறவில்லை.

அவ்வாறு பெயர்ந்த சமுதாயத்தின் குரலாக எழுந்தது 2006ஆம் ஆண்டின் ‘வல்லவன்’ தொகுதி. தொண்ணூறுகளில் பொயெட்டிக் அம்மோ என்ற கோலாலம்பூர்க் குழுவில் பல மொழிகளில் ராப் பாடிப் பெயரெடுத்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்பவர்களோடு நட்சத்திரா என்ற பெயரில் சேர்ந்து வெளியிட்டது அது. சினிமாவின் துணையில்லாமல் மலேசியாவில் பிறந்த ஒரு தமிழ்த் தொகுதி தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தது பெரிய காரியம். ஆயினும் அதில் எல்லோரும் அறிந்தது ‘மடை திறந்து’ ஒன்றே. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்காக வாலி எழுதி இளையராஜா இசையமைத்த பாட்டை எடுத்தாண்டு அமைந்தது அது. மூலப்படத்திலோ, வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டு என்ற பெருமையால் ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ அதிகம் பேசப்பட்டு வந்தது. அதன் பக்கத்துப் பாட்டை எடுத்து, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் புதிய தலைமுறைக்குக் கொடுத்தவர்கள் மலேசிய இளைஞர்கள். மறு ஆண்டு ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’ மறுபிறவி எடுத்தபோதும் யோகி பியின் குரலே அதில் சேர்ந்தது. பழைய தொகுதிகளைத் துருவிக் கேட்டவர்களின் தொகுதியை நாம் ஒரே பாட்டோடு நிறுத்திக் கொண்டோமென்றால் அது நியாயமன்று. ‘கவிதை குண்டர்’ போன்ற பாட்டுக்களில் இரவல் பல்லவி இல்லை. தோட்டத்தை இழந்து பட்டணத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகள்மேல் ஊர் வீசிய வசையைக் கவிதையின் அருகே நிறுத்தி, அதையே விருதாக அணிந்துகொள்ளும் துணிவு இருக்கிறது. ‘மடை திறந்து’வை விட அவை மலேசியத் தமிழருடைய வரலாற்றுக்கு நெருங்கியவை என்றே நான் சொல்வேன்.

இன்று கைபேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கின்றன. கிடைக்கும் ஒழுங்கோ கருவி தீர்மானிக்கும் ஒழுங்கு. தம்பினிலும் புலாவ் செபாங்கிலும் அலோர் காஜாவிலும் உள்ள அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வீட்டு அலமாரியில் பழைய தட்டோ நாடாவோ ‘வல்லவன்’ போன்ற மலேசியத் தொகுதிகளின் குறுந்தகடோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள், அட்டையைக் கிழியாமல் காப்பாற்றுங்கள், அதில் அச்சிட்ட வரிசையிலேயே முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரையில் ஒரு முறை கேளுங்கள், கேட்டபின் வீட்டில் வைக்க இடமில்லையென்றால், குப்பைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் நூல்நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள்.