வெண்டெல் பறவையும் பசிரிக் பறவையும்

ஸ்வீடனில் உப்சாலாவுக்கு வடக்கே வெண்டெல் என்று ஒரு ஊர். 1881-ல் தேவாலயத்தை ஒட்டித் தோண்டியபோது, படகோடு புதைக்கப்பட்ட வீரர்களின் சமாதிகள் அங்கே வெளிப்பட்டன. கி.பி. 6-8 நூற்றாண்டு ஸ்காண்டிநேவிய உலோக வேலைகளில் ஒரு பறவை அடிக்கடி வரும். பக்கவாட்டு முகம், வட்டக் கண், கொக்கி மாதிரி சுருண்ட அலகு.

இதே அலகை சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் சமாதிகளிலும் பார்க்கலாம். பனியில் உறைந்துபோனதால் மரம், தோல் எல்லாம் கெடாமல் கிடைத்தன. அப்படியானால் ஸ்டெப்பி புல்வெளி நாடோடிகளிடமிருந்து வந்ததுதானே என்பார்கள். பேங்க்காரன் நான், கையெழுத்து ஒத்துப்போனால் மட்டும் பாஸ் செய்ய மாட்டேன், தேதியையும் பார்ப்பேன். பசிரிக் கி.மு. 5-3 நூற்றாண்டு. இடைவெளி குறைந்தது 700 வருடம்!

நடுவில் ஒரு பாலம் உண்டு. கருங்கடலுக்கு வடக்கே இருந்த கோத்துகள், 370-களில் அவர்கள் மேல் பாய்ந்த ஹூணர்கள். தங்கத்தில் சின்னச் சின்ன அறை கட்டி, கார்னெட் என்ற சிவப்புக் கல் பதிக்கும் பாணி அந்தப் பக்கம் செழித்து மேற்கே பரவியது. கி.பி. 500 வாக்கில் இத்தாலி, ஸ்பெயின் கோத்துப் பெண்கள் கழுகு வடிவ ஊசிகளைத் தோளில் குத்திக்கொண்டார்கள். அந்த மோகம் வடக்கேயும் போனது.

ஆனால் ரோமானியப் படையின் பெல்ட் பட்டைகளிலும் ஓரமெல்லாம் மிருகங்கள்தான். வடக்கத்தித் தட்டார்கள் முதல் பாடம் படித்தது அதில். மிருக உடலையே நாடா மாதிரி நீட்டிப் பின்னியது அவர்கள் சொந்தச் சரக்கு என்பது என் கட்சி.

கொசுறு: பரிசோதித்த அந்தக் காலக் கார்னெட்களில் கணிசமானவை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. உடனே 'வைக்கிங்கும் நம்மாளு' என்று வாட்ஸப்பில் அனுப்பிடாதீங்க. கல் போனது வியாபாரத்தில், கைமாறிக் கைமாறி.