விலக்கம்

தானே ஒதுங்கினால் 'விலகு'; பிறரை ஒதுக்கினால் 'விலக்கு'. அடங்கு, அடக்கு போன்ற இணை. வரிவிலக்கு சலுகை, மதுவிலக்கு தடை. விலக்கம் இந்த வேரில் பிறந்த பெயர்ச்சொல்.

அமெரிக்க மருத்துவ நிர்வாகத்தின் 'எக்ஸ்குளூஷன்' என்பதற்கு இதுவே பொருத்தம். அதன் லத்தீன் மூலத்துக்கு வெளியே நிறுத்திக் கதவடைப்பது என்று பொருள். மெடிக்கேர், மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரைச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் குறைந்தது 5 ஆண்டுகள் அவற்றிலிருந்து விலக்கிவைக்கும். 'தடை' என்று எழுதுவது பிழை; இது உரிமப் பறிப்பு அல்ல. ஆனால் அவர் எழுதும் மருந்துச்சீட்டுக்குக்கூட அத்திட்டங்களின் பணம் வராது. மருத்துவர் மட்டுமல்ல, பில் போடுபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கூட இதில் அகப்படலாம்.

முதலாளியையும் இது விடாது. விலக்கப்பட்டவர் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வேலைக்கு வைத்து அத்திட்டங்களுக்குப் பில் அனுப்பினால் அபராதம். "தெரியாது" என்பது எடுபடுவது கடினம், விலக்கப்பட்டவர்களின் பட்டியல்தான் பொதுவெளியில் இருக்கிறதே! அது மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. பல மருத்துவமனைகள் மாதந்தோறும் ஊழியர் பெயர்களை அதில் தேடுகின்றன.

காலம் முடிந்தாலும் விலக்கம் தானாக நீங்காது. விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும்.