உணங்கல்

சாலைக் கம்போளத்தில் கருவாட்டுக் கடையை விசாரித்தால், "உணக்க மீனா? அங்கே" என்று கை காட்டுவார்கள். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் அதை மலையாளச் சொல் என்றே நினைத்தேன். பட்டினப்பாலையில் முன்பே படித்த சொல்தான் என்பது உறைக்கச் சில நாளாயிற்று.

காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உணவுப்பொருள் உணங்குகிறது. கொத்த வரும் கோழியைப் பெண்கள் காதுக் குழையை எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை சிறுவர்களின் விளையாட்டுத் தேரை மறிக்கிறதாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே காட்டுவது ஊரின் செல்வத்தை. எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் காவல். எதை வெயிலில் பரப்பினாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

உணங்கு, உணக்கு இரண்டும் அடங்கு, அடக்கு போன்ற இணை. காயப் போட்ட தானியத்துக்கு உணங்கல் என்று பெயர். பிறகு நாம் பேச்சுக்குக் 'காய்'வதையும் எழுத்துக்கு 'உலர்'வதையும் வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம். மலையாளம் விடவில்லை, 'ங்க'வை 'ங்ங' ஆக்கி 'உணங்ஙி' என்கிறது. அங்கே துணியும் உணங்கும், புண் ஆறினாலும் உணங்கும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த விளவங்கோட்டுப் பக்கத்திலும் இச்சொல்லைக் கேட்கலாம். இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் வெயிலை வீணாக்க முடியாது. அந்த அவசரம்தான் சொல்லைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

மரச்சீனியைப் பார்த்தால் இது புரியும். நம் மரவள்ளிக்கு இங்குள்ள பெயர் அது. வடக்கே போனால் கப்பை. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் சாகுபடியைப் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றை நிறைத்தது அதுதான். 1963இல் நகரை ஒட்டிய ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமே வந்துவிட்டது. ஆனால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுவிடும். அதனால் தோலுரித்து, வில்லையாக அரிந்து, கொதிநீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, காயப் போடுகிறார்கள். பெயர் வாட்டுக் கப்பை. நாம் வாழையிலையைத் தணலில் வாட்டுகிறோமே, அதே வாட்டுதான்.

காய்ந்ததைச் சூட்டோடு பானையில் கொட்டக் கூடாது. உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆறவைத்து நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் ஏற்றுவார்கள். கள்ளக் கர்க்கடகம் என்று ஏசப்படும் நம் ஆடி மாதத்தில், வேலையும் வெயிலும் இல்லாத நாளில், அந்தப் பானை இறங்கும்.

எங்கள் தெருச் சேச்சி ஒருவர் கும்ப மாதத்தில் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறார். போன வாரம் மூன்றாம் நாள் மாலை ஒரு வில்லையை எடுத்து வளைத்தார். ஒடியவில்லை; தோல் போல வளைந்தது.

"காஞ்சாச்சா சேச்சி?"

"உணங்ஙியில்ல மோனே. ஒரு வெயிலும் கூடி வேணம்."