விடுதலை கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்களா? ரிபெய்ரா பள்ளத்தாக்கின் கதை

ஒரு ஊரின் நிலவியல் என்றால் ஆறு, மலை, மழையளவு என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதில்லை. பிரேசிலின் எல்டொராடோ நகராட்சியை அந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்போம்.

சாவோ பாவ்லோ மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறது எல்டொராடோ. பக்கத்து பரானா மாநிலத்தில் பிறக்கும் ரிபெய்ரா டி இகுவாபே ஆறு இந்த ஊர் வழியாக ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. ஆற்றோரம் வாழைத் தோட்டங்கள். மேலே சுண்ணாம்புப் பாறைக் குகைகளும் அடர்ந்த காடும். பிரேசிலில் பெரும்பகுதி அழிந்துவிட்ட அட்லாண்டிக் காடு, அதிகமாக மிஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு.

ஊரின் பழைய பெயர் ஷிரிரிக்கா. 1948இல்தான் தங்கத்தை நினைவூட்டும் எல்டொராடோ என்ற பெயர் வந்தது. ஆனால் அந்தத் தங்கத்தை அரித்தெடுத்த கைகள் யாருடையவை? போர்ச்சுகீசியர் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களுடையவை. மினாஸ் ஜெராயிஸில் பெரும் தங்க வயல்கள் கிடைத்த பிறகு, சுரங்க முதலாளிகள் பலர் இங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். கறுப்பின மக்கள் தங்கினார்கள். தப்பி வந்தவர்களும் விடுதலை பெற்றவர்களும் ஆற்றோரம் பயிரிட்டு ஊர்களை உருவாக்கினார்கள். இவற்றைக் கிலொம்போ என்கிறார்கள். இவாபொருண்டுவா அவற்றில் மிகப் பழையது.

இனி ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். அரசு நிலத்தை விலை கொடுத்து மட்டுமே வாங்க முடியும் என்று 1850இல் சட்டம் வந்தது. அடிமைமுறை ஒழிந்தது 1888இல். அந்தச் சட்டத்தில் இருந்தவை இரண்டே பிரிவுகள். நிலமும் இல்லை, இழப்பீடும் இல்லை. முதலில் நிலத்தின் கதவைப் பூட்டிவிட்டு, பிறகு விலங்கை அவிழ்த்தார்கள்.

சரியாக நூறாண்டு கழித்து, 1988 அரசியலமைப்பின் இடைக்கால விதிகளில் 68ஆவது பிரிவு, கிலொம்போ மக்கள் குடியிருக்கும் நிலம் அவர்களுக்கே சொந்தம், அரசு பட்டா தர வேண்டும் என்றது. சட்டம் வந்தாலும் பட்டா தானாக வரவில்லை. சங்கம் அமைத்து, வழக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே வேறு இரண்டு முட்டுக்கட்டைகள். 1969இல் காட்டை மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி நெல், மக்காச்சோளம், மரவள்ளி போட்டு, பின் அதைக் காடாக வளரவிட்டு அடுத்த துண்டுக்குப் போவது இம்மக்களின் விவசாயம். அதற்கே அனுமதி கேட்டு நிற்கும் நிலை வந்தது. அடுத்து, ஆற்றின் குறுக்கே நான்கு அணைகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் டிஜுக்கோ ஆல்ட்டோ அணை ஓர் அலுமினிய ஆலையின் மின்சாரத்துக்காக. கிலொம்போ மக்களும் சிறு விவசாயிகளும் பழங்குடிகளும் இணைந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் எதிர்த்தார்கள். 2016இல் அந்த அணைக்குச் சுற்றுச்சூழல் உரிமம் மறுக்கப்பட்டது. 2018இல், குற்றம்போல் நடத்தப்பட்ட அந்த விவசாய முறையையே பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

காட்டை அழிப்பவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தில்தான் காடு மிஞ்சியிருக்கிறது. பட்டாவுக்காகக் காத்திருக்கும் ஊர்கள் அங்கே இன்றும் உண்டு. தோழர்களே, எந்த விடுதலைச் சட்டத்தைப் படித்தாலும், அதற்கு முன் வந்த நிலச் சட்டத்தையும் சேர்த்துப் படிப்போம்.