சாப்பாடுதான் மருந்து... அளவு தெரிய 150 வருடம் ஆனது!

"நல்லா சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்!"

அனோரெக்சியா நெர்வோசா என்ற நோயால் எலும்பும் தோலுமாகிப் போனவர்களைப் பார்த்து எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. இதில் பாதி உண்மை. சாப்பாடு இல்லாமல் இந்த நோய் குணமாகாது. ஆனால் என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யார் கொடுப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஓரளவு தெளிவான பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன. அதில் முக்கியமான பாடங்கள் சில, இரண்டாம் உலகப்போர் காலத்தில் பட்டினி கிடந்தவர்களிடமிருந்து வந்தன என்பதுதான் ஆச்சரியம்.

பெயர் வைத்தவர்

1873-ல் லண்டனில் சர் வில்லியம் கல் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் அவர் வைத்ததுதான். அதே வருடம் பாரிஸில் சார்ல் லசேக் என்ற டாக்டரும் இதே நோயைத் தனியாக விவரித்திருந்தார். 'பசியின்மை' என்று பொருள்படும் இந்தப் பெயரே கொஞ்சம் தவறானது. இந்த நோயாளிகளில் பலருக்குப் பசி உண்டு. சாப்பிடத்தான் பயம்.

கல் சொன்ன வைத்தியம் மிக எளிது. உடம்பைக் கதகதப்பாக வைத்திருங்கள். பால், சூப், முட்டை, மீன், கோழி என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொடுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று நோயாளியைக் கேட்காதீர்கள். அவர் 1866-ல் முதன்முதலாகப் பார்த்த 17 வயதுப் பெண் ஒருத்தி இரண்டே வருடத்தில் 20 கிலோவுக்கு மேல் எடை கூடித் தேறினாள். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டார்தான் மிக மோசமான ஆட்கள்! பல வருடங்கள் நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தே சிகிச்சை நடந்தது.

தவறான பாதை

1914-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மோரிஸ் சிம்மண்ட்ஸ் என்ற நிபுணர், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அழிந்தால் உடம்பு மெலிந்துபோகும் என்று எழுதினார். அவ்வளவுதான், அனோரெக்சியாவும் சுரப்பி நோய்தான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். சாப்பாடு தேவைப்பட்டவர்களுக்குச் சுரப்பிச் சாறு ஊசி போடப்பட்டது. இரண்டும் வேறு வேறு நோய் என்று பிரித்துச் சொல்லச் சில பத்தாண்டுகள் ஆயின.

பட்டினி கிடக்க முன்வந்த 36 பேர்

போரால் ஐரோப்பாவே பட்டினி கிடந்த நேரம். அந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிய, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை ஆரம்பித்தார். மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதில் ஏறக்குறைய பாதிதான். உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி... எடையில் கால்வாசி போய்விட்டது.

போனது எடை மட்டுமா? மனசும் மாறியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துப் பிசைந்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத நிலை. இவை எல்லாம் அனோரெக்சியா நோயாளிகளிடமும் பார்ப்பவைதான். 'அவர்கள் குணமே அப்படி' என்று நினைத்திருந்த பல விஷயங்கள் பட்டினியின் விளைவு என்று பின்னால் புரிந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. மினசோட்டா இளைஞர்கள் சாப்பாட்டுக்கு ஏங்கினார்கள். அனோரெக்சியா நோயாளி தட்டைப் பார்த்தே நடுங்குகிறார். அதனால் சாப்பாட்டோடு மனசுக்கும் சிகிச்சை வேண்டும்.

மீட்சியிலும் ஒரு பாடம் கிடைத்தது. அந்த இளைஞர்களை நான்கு குழுவாகப் பிரித்து, நாளொன்றுக்கு 400 முதல் 1600 கலோரி வரை வெவ்வேறு அளவில் கூட்டிக் கொடுத்தார்கள். குறைவாகக் கூட்டியவர்கள் தேறவே இல்லை எனலாம். வைட்டமின் மாத்திரையும் கூடுதல் புரதமும் பெரிதாக உதவவில்லை. இழந்ததை ஈடுகட்ட நிறையச் சாப்பாடு தேவைப்பட்டது. இவை எல்லாம் 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

சாப்பாடே எமனான கதை

அப்படியென்றால் முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்துவிடலாமா? கூடாது!

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதை முகாமை விடுவித்தது. உள்ளே சுமார் 60,000 பேர். இரக்கப்பட்ட சிப்பாய்கள் தங்கள் சொந்த ரேஷனையே எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கனமான சாப்பாட்டைத் தாங்க முடியாமல் பலர் செத்துப்போனார்கள். பிறகு '1943 வங்காளப் பஞ்சத்தில் பயன்பட்டது' என்று ஒரு கஞ்சிக் கலவையைக் கொண்டுவந்தார்கள். ஒரே தித்திப்பு என்று பலரால் அதை விழுங்கவே முடியவில்லை.

சாப்பிட்டால் ஏன் சாவு? பட்டினியில் உடம்பு தன் கொழுப்பை எரித்துப் பிழைக்கிறது. செல்களுக்குள் இருக்கும் பாஸ்பேட் கரைந்துபோகிறது. ரத்தப் பரிசோதனையிலோ அளவு சரியாகவே தெரியும். கல்லாவில் பணம் இருக்கிறது, கிடங்கு காலி! திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் பாய்கிறது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்கள் இழுத்துக்கொள்கின்றன. கல்லாவும் காலி. இதயத்துடிப்பு தடுமாறுகிறது, மூச்சு திணறுகிறது. இதற்கு 'ரீஃபீடிங் சிண்ட்ரோம்' என்று பெயர். 1981-ல் அமெரிக்காவில், மெலிந்துபோன இரண்டு நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் வழியாக அளவுக்கு மீறி ஊட்டம் ஏற்றியதில் அவர்கள் இறந்ததைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் பிறகு டாக்டர்கள் மிகவும் உஷாரானார்கள்.

உஷார் அதிகமானால்?

'குறைவாக ஆரம்பி, மெதுவாகக் கூட்டு' என்பது விதியானது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஏற்கெனவே பட்டினியில் இருப்பவருக்கு மருத்துவமனையிலும் அரைப்பட்டினி! ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் சிலருக்கு முதல் வாரத்தில் எடை இன்னும் குறைந்தது.

கலிபோர்னியாவில் நடந்து 2020-ல் முடிவு வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. இளம் நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1400 கலோரியில் ஆரம்பம், இன்னொரு பிரிவுக்கு 2000 கலோரியில். கூடுதலாகப் பெற்றவர்கள் மூன்று நாள் முன்னதாகவே அபாயக் கட்டத்தைத் தாண்டினார்கள். ரத்தத்தில் உப்புகளின் அளவு கெட்டுப்போவதில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இது எல்லாமே மருத்துவமனையில், தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே நடந்தது. மிக மோசமாக மெலிந்தவர்களுக்கு இன்றும் நிதானம்தான் விதி. தயாமின் என்ற வைட்டமின் பி1, தேவைப்பட்டால் பாஸ்பேட் ஆகியவற்றையும் சேர்த்துத் தருகிறார்கள்.

மூன்றாவது கேள்வி: யார் கொடுப்பது? வீட்டார் வேண்டாம் என்றார் கல். 1987-ல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. சின்ன வயதில் நோய் வந்து மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு, குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட சிகிச்சையே நல்ல பலன் தந்தது. இன்று இளம் நோயாளிகளுக்குப் பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்த முறைதான். தினமும் தட்டுக்கு எதிரே பொறுமையாக உட்காருவது அப்பாவும் அம்மாவும்.

ஆக, "நல்லா சாப்பிடு" என்பது தப்பான யோசனை இல்லை. பாதியில் நின்றுவிட்ட யோசனை. பல நாள் சாப்பிடாமல் மெலிந்துபோன ஒருவர் பக்கத்தில் இருந்தால், பிரியாணி வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தட்டில் போடுவது அதற்கு அப்புறம்.