கைதானவருக்கு வழக்கறிஞர் கிடைக்கிறாரா? தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நிர்வகிப்பது யார், எப்படி?

ஜார்ஜ்டவுன்: போலீஸ் கைது செய்த ஒருவர் மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்தப்படுகிறார். இன்னும் எத்தனை நாள் காவலில் வைக்கலாம் என்பது அங்கே முடிவாகும். பணம் இருப்பவர் என்றால் குடும்பம் இரவோடு இரவாக ஒரு வழக்கறிஞரைப் பிடித்துவிடும். பணம் இல்லாதவர் பக்கத்தில் யார் நிற்பது?

அதற்கான பதில்தான் ஒய்.பி.ஜி.கே. எனப்படும் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், அதாவது தேசிய சட்ட உதவி அறவாரியம். அதன் பெயர் பலருக்குத் தெரியும். அதை நடத்தும் இயக்குநர் வாரியத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. லோக்காப்பில் இருப்பவருக்கு வழக்கறிஞர் கிடைப்பாரா என்பது பெரும்பாலும் அந்த வாரியத்தின் மேசையில் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது. அதில் யார் இருக்கிறார்கள், எதை முடிவு செய்கிறார்கள், எங்கே கேள்வி எழுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

சட்ட உதவிக்கு எத்தனை கதவுகள்?

"லீகல் எய்ட்" என்று பொதுவாகச் சொன்னாலும், மலேசியாவில் மூன்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. எங்கே போவது என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

முதலாவது, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை. 1970-இல் சட்ட உதவிப் பிரிவாகத் தொடங்கி, 1971-ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. விவாகரத்து, ஜீவனாம்சம் போன்ற சிவில், ஷரியா விவகாரங்களே இதன் முக்கிய வேலை. குற்றவியல் வழக்கில் இதன் பங்கு குறுகியது: குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கக் கேட்பவர்கள், சிறார் வழக்குகள் போன்றவை.

இரண்டாவது, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். பினாங்கிலும் ஒன்று உண்டு. இவற்றுக்கான நிதி வழக்கறிஞர்களின் சொந்தப் பையிலிருந்து வருகிறது. மன்றத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் கட்டுகிறார். 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம், வசதியற்றவர்களுக்கு வழக்கறிஞர் கிடைக்கும் திட்டத்தை ஊக்குவிப்பதை மன்றத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது.

மூன்றாவதுதான் ஒய்.பி.ஜி.கே. "நான் குற்றம் செய்யல, வழக்காடணும்" என்று சொல்லும் வசதியற்ற குடிமகனுக்குச் சட்ட உதவித் துறையில் இடம் குறைவாக இருந்தது. தொண்டு அடிப்படையில் இயங்கும் மையங்களால் நாடு முழுவதும் தினமும் நடக்கும் கைதுகளைச் சமாளிக்க முடியவில்லை. இந்த இடைவெளியை அடைக்க அரசாங்கமும் வழக்கறிஞர் அமைப்புகளும் சேர்ந்து இந்த அறவாரியத்தை உருவாக்கின. 2011 பிப்ரவரி 25-ஆம் தேதி அப்போதைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் துன் ரசாக் அதைத் தொடக்கி வைத்தார். 2012 ஏப்ரல் 2-ஆம் தேதி சேவை தொடங்கியது.

பணம் அரசாங்கத்துடையது, நீதிமன்றத்தில் நிற்பது தனியார் வழக்கறிஞர். இதுதான் ஒய்.பி.ஜி.கே.வின் அடிப்படை ஏற்பாடு.

வாரியத்துல யார் யார் இருக்காங்க?

ஒய்.பி.ஜி.கே. ஓர் அரசாங்கத் துறை அல்ல. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அது பதிவு செய்யப்பட்டது. இத்தகைய நிறுவனத்துக்குப் பங்கு மூலதனம் கிடையாது, உறுப்பினர்களுக்கு லாப ஈவும் கிடையாது. ஆனால் மற்ற நிறுவனங்களைப் போலவே இயக்குநர்கள் உண்டு. அவர்கள் நிறுவனத்தின் நலனுக்காக நேர்மையுடனும் கவனத்துடனும் செயல்பட வேண்டும் என்று நிறுவனச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கணக்கு தணிக்கை செய்யப்பட வேண்டும்.

அமைக்கப்பட்டபோது வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, வாரியத்தின் தலைவர் தேசிய சட்டத்துறைத் தலைவர். அரசாங்கத் தரப்பின் பிரதிநிதிகளோடு, தீபகற்பத்துக்கு மலேசிய வழக்கறிஞர் மன்றம், சபா, சரவாக் மாநிலங்களுக்கு அங்குள்ள வழக்கறிஞர் அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற்றனர். மூன்று வட்டாரங்களுக்கும் வழக்கறிஞர் தொழில் தனித்தனிச் சட்டங்களின் கீழ் இருப்பதால், மூன்று அமைப்புகளுக்கும் இடம் தேவைப்பட்டது.

இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகிறது.

வழக்குத் தொடுப்பவரே வாரியத் தலைவரா?

கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆவது விதி, ஒருவர் மீது குற்றவியல் வழக்கைத் தொடுக்கவும் நடத்தவும் நிறுத்தவும் சட்டத்துறைத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி அவரே அரசுத் தரப்பு வழக்குத்தொடுநர். அதாவது, குற்றம் சாட்டும் தரப்பின் உச்சியில் இருப்பவரே, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் தரும் அமைப்பின் தலைமை நாற்காலியிலும் அமர்கிறார்.

"அப்போ அந்த வழக்கறிஞர் யாருக்கு வேலை செய்வார்?" என்று லோக்காப்பில் இருப்பவரின் குடும்பம் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

இதற்கு இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வாரியம் கொள்கையையும் நிதியையும்தான் முடிவு செய்கிறது. எந்த வழக்கை எப்படி வாதாடுவது என்பதில் அது தலையிடுவதில்லை. வழக்கறிஞரின் கடமை தம் கட்சிக்காரருக்கு மட்டுமே. கட்டணத்தை யார் கொடுத்தாலும், தொழில் ஒழுக்க விதிகள் மாறுவதில்லை. இன்னொன்று நடைமுறை சார்ந்தது. கருவூலத்திலிருந்து பணம் வர வேண்டும், போலீஸ் ஒத்துழைக்க வேண்டும் என்றால், அரசாங்கத்துக்குள் செல்வாக்கு உள்ள ஒருவர் மேசையின் தலைமாட்டில் இருப்பது உதவும்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. வழக்கு வாரியாகத் தலையிடாமலேயே ஒரு வாரியம் பாதுகாப்புத் தரப்பைப் பலவீனப்படுத்த முடியும். கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருப்பது, பட்டுவாடாவைத் தாமதிப்பது, எந்தக் குற்றங்களுக்கு உதவி உண்டு என்ற பட்டியலைச் சுருக்குவது ஆகியவை எல்லாமே கொள்கை முடிவுகள்தான்.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2012-இல் ஏற்றுக்கொண்ட குற்றவியல் சட்ட உதவிக் கோட்பாடுகள் இதைக் கவனத்தில் கொண்டுள்ளன. சட்ட உதவி அமைப்பு அரசியல் தலையீடோ நீதித்துறைத் தலையீடோ இல்லாமல், உதவி தொடர்பான முடிவுகளில் அரசாங்கத்தைச் சாராமல், நிதி மிரட்டலுக்கு ஆளாகாமல் இயங்க வேண்டும் என்று அவை சொல்கின்றன.

சட்டத்துறைத் தலைவர் பதவியையும் வழக்குத்தொடுநர் பதவியையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அது பெரும்பாலும் அரசியல்வாதிகள் மீதான வழக்குகளை ஒட்டியே விவாதிக்கப்படுகிறது. ஆனால் வசதியற்ற ஒருவரின் ரிமாண்ட் விசாரணையோடும் அதற்குத் தொடர்பு உண்டு. இரு பதவிகளும் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தால், வாரியத் தலைமை பற்றிய இந்த முரண் பெருமளவு குறையும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தியாவில் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே தலைமை நீதித்துறையிடம் இருக்கிறது. தேசிய ஆணையத்தின் புரவலர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. தமிழ்நாட்டு ஆணையத்தின் புரவலர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. காவலில் இருப்பவர்கள், பெண்கள், சிறார்கள் உள்ளிட்டோருக்கு வருமானம் பார்க்காமலேயே உதவி உண்டு.

இலங்கையில் 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இயங்குகிறது. நீதி அமைச்சரும் உறுப்பினர்களை நியமிக்கிறார். ஆனால் பெரும்பான்மை இடங்கள் வழக்கறிஞர் சங்கம் முன்மொழிபவர்களுக்கு.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2022 டிசம்பரில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தைத் திறந்து, அரசாங்கச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர்களையே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட வைத்தது. அது சட்ட அமைச்சின் கீழ் இருக்கிறது. வழக்குத் தொடுப்பதோ அங்குள்ள தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகம்.

எந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. ஆனால் இந்த மூன்றிலும், வழக்குத் தொடுக்கும் அதிகாரியே சட்ட உதவி அமைப்புக்குத் தலைமை தாங்குவதில்லை.

வாரியத்தின் முடிவு பினாங்கில் எப்படித் தெரிகிறது?

பினாங்கு சின்ன மாநிலம். ஆனால் நீதிமன்றங்கள் ஒரே இடத்தில் இல்லை. தீவுப் பக்கம் ஜார்ஜ்டவுன், பாலிக் பூலாவ். பெருநிலப் பக்கம் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று பிரிந்திருக்கின்றன. ரிமாண்ட் விண்ணப்பங்கள் பெரும்பாலும் காலையிலேயே எடுத்துக்கொள்ளப்படும். ஜார்ஜ்டவுனில் ஒரு ரிமாண்ட், அதே நேரத்தில் பட்டர்வொர்த்தில் இன்னொன்று என்றால், ஒரே வழக்கறிஞர் பாலத்தைக் கடந்து இரண்டுக்கும் போய்ச் சேர முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் முறை வைத்துப் பணிக்கு வரும் வழக்கறிஞர்கள் வேண்டும்.

அவர்கள் ஒய்.பி.ஜி.கே.யிடம் பதிவு செய்துகொண்ட தனியார் வழக்கறிஞர்கள். சந்தைக் கட்டணத்தோடு ஒப்பிட முடியாத தொகைக்கு வேலை செய்கிறார்கள். காலை நேரம் முழுவதையும் லோக்காப் வாசலில் கழித்துவிட்டு, அந்தக் கட்டணமும் மாதக்கணக்கில் வராவிட்டால், இளம் வழக்கறிஞர் அடுத்த முறை பட்டியலில் பெயர் கொடுக்க யோசிப்பார். பெயர் குறைந்தால், காலையில் அழைப்பு வரும்போது போக ஆள் இருக்காது. கோலாலம்பூரில் கூடும் வாரியம் முடிவு செய்யும் கட்டண அட்டவணை, பட்டர்வொர்த்தில் ஒருவர் தனியாக நிற்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பது இப்படித்தான்.

அந்தக் காலை நேரத்தின் மதிப்பு என்ன என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு காட்டுகிறது. 14 ஆண்டுக்கும் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை 4 நாள் வரையும், அடுத்து 3 நாள் வரையும் காவலில் வைக்கலாம். 14 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, அல்லது மரண தண்டனை என்றால் 7 நாள், மறுபடியும் 7 நாள். தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு 7 நாள் என்பது வேலையே போகிற விஷயம். காவலில் இருப்பவர் தாமாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ தம் தரப்பைச் சொல்ல மாஜிஸ்திரேட் அனுமதிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "4 நாள் எதற்கு, 2 நாள் போதுமே" என்று எடுத்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தால்தான் அந்த உரிமைக்கு அர்த்தம்.

யாருக்கு இந்த உதவி கிடைக்கும்?

மலேசியக் குடிமக்களுக்கான திட்டம் இது. கைது, ரிமாண்ட் கட்டத்தில் வருமானச் சோதனை இல்லாமல் உதவி தரும் வகையில் அமைக்கப்பட்டது. வழக்கு விசாரணைக்குப் போகும்போது வருமானம் பார்க்கப்படும். தொடக்கத்தில் வகுக்கப்பட்ட அளவின்படி, ஆண்டு வருமானம் 25,000 ரிங்கிட் வரை என்றால் முற்றிலும் இலவசம். அதற்கு மேல் 36,000 ரிங்கிட் வரை என்றால் 300 ரிங்கிட் பங்களிப்பு. இந்த வரம்பை மாற்றுவதும் கொள்கை முடிவு என்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ள அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மரண தண்டனைக்குரிய வழக்கு விசாரணைகள் இதில் சேராது. அவற்றுக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும் தனி ஏற்பாடு உண்டு.

வீட்டில் ஒருவர் கைதானால் என்ன செய்வது?

• கைதின் காரணத்தைக் கேளுங்கள். காரணத்தை விரைவில் தெரிவிக்க வேண்டும், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 5(3)-ஆவது விதி சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும்.

• விசாரணையைத் தொடங்கும் முன்பே, உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம் என்பதைப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். இது 28ஏ பிரிவு. ஆதாரம் அழிக்கப்படும் என்பது போன்ற காரணங்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு.

• "எனக்கு ஒய்.பி.ஜி.கே. வழக்கறிஞர் வேணும்" என்று கைதானவரே தெளிவாகச் சொல்லலாம். குடும்பமும் காவல் நிலையத்தில் சொல்லலாம்.

• எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் பெயர், ரிமாண்ட் எங்கே, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு, பினாங்கு சட்ட உதவி மையத்தை உடனே தொடர்புகொள்ளுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ரிமாண்ட் முடிந்துவிடும்.

• உதவி கிடைக்கவில்லை என்றால், எந்த நாள், எந்த இடம், என்ன பதில் சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். அறவாரியத்துக்கும் வழக்கறிஞர் மன்றத்துக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வாரியத்தில் வழக்கறிஞர் அமைப்புகளுக்கு இடம் கொடுக்கப்பட்டதே இதுபோன்ற குறைகளை அந்த மேசைக்குக் கொண்டுபோகத்தான். தேதியும் இடமும் உள்ள புகாரை ஒதுக்கிவிடுவது கடினம்.