கடைமடைக்கும் நீர் வரும்

வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. மேல்மடைக்காரர் வேண்டிய மட்டும் நீரைத் திருப்பிக்கொண்டால் கடைமடையில் வேளாண்மை கருகும். கடைமடைக்காரரோ, “வராத நீருக்கு வாய்க்கால் துப்புரவு எதற்கு?” என்று மண்வெட்டியைப் போட்டுவிடுவார். பிறர் என்ன செய்வார் என்று கணித்துத் தம் செயலை வகுக்கும் இந்நிலையை ஆராய்வதே ஆட்டக் கோட்பாடு என்னும் துறை. மட்டக்களப்பு உழவர் இதனை ஏட்டிலன்று, வட்டையிலே கற்றவர்.

பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று 1968 ஆம் ஆண்டில் காரெற் ஹாடின் எழுதினார். அரசு ஆளவேண்டும், அன்றேல் தனியாருக்குப் பங்கிடவேண்டும் என்பதே பலரும் கொண்ட முடிபு. மூன்றாம் வழியும் உண்டு என நிறுவியவர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார். 1933 இல் லொஸ் ஏஞ்சலிசிற் பிறந்தவர். கணிதப் பயிற்சி போதாதென்று பொருளியல் ஆய்வுக்கு இடம் கிடையாமையால் அரசறிவியல் பயின்று, கலிபோர்னிய நிலத்தடி நீரை ஆராய்ந்து 1965 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஆய்வுகூடத்தில் மாணவரை இத்தகைய ஆட்டங்களில் ஈடுபடுத்தினார். பேச இடமளித்ததும், தண்டிப்பார் இல்லாதபோதும், பலர் சொற்காத்து ஒத்துழைத்தனர். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 2012 இல் மறைந்தார்.

1990 இல் வெளிவந்த அவரது நூலில் நமது பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, இடம்பெற்றுள்ளமை நாம் அறியவேண்டியது. 1949 இல் தொடங்கிய அத்திட்டத்தின் இடதுகரையில், காலப்போக்கில் கதவுகள் உடைந்தன, கடைமடை வரண்டது, உழவரும் அதிகாரிகளும் ஒருவரையொருவர் நம்பவில்லை. 1981 முதல் இளைஞர் சிலர் அமைப்பாளராக உழவரிடையே வாழ்ந்து, வாய்க்கால்தோறும் சிறு குழுக்கள் அமையத் துணைநின்றனர். உழவர் கூடிப் பேசினர், வாய்க்காலைத் துப்புரவாக்கினர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். மேல்மடைச் சிங்கள உழவர் மிச்சம்பிடித்த நீர் கடைமடைத் தமிழ் உழவரின் வயலுக்கும் வந்தது. இன ஐயம் முற்றிய அக்காலத்தில் இஃது எளிய செயலா?

வட்டைதோறும் விதானையார் நீரையும் வேலியையும் கண்காணித்த வழக்கம் நம் முன்னோருடையது. விதி செய்பவரும் காப்பவரும் ஊரவரே ஆயின் அது நிலைக்கும் என்பதே அம்மையார் கண்ட உண்மை.

நம் வாவியும் பொதுச்சொத்தே. சிறுகண் வலையால் இன்று குஞ்சை அள்ளினால் நாளை எல்லோர் வலையும் வெறுமையாகும். இளைஞர்காள்! கரையூர்கள்தோறும் மீனவரைக் கூட்டிப் பேசச் செய்வதே நம் முதற் பணியாகுக.